மாமனாரின் டிடி 214-இல் விடுபட்ட பதக்கங்கள்: எங்கே தேடுவது, யாரிடம் கேட்பது

வந்த கேள்வி இது. கேட்டவர் அமெரிக்காவில் இருக்கும் தமிழர், மனைவி அமெரிக்கர். மனைவியின் அப்பா 1967 செப்டம்பரில் கட்டாய ராணுவ சேவையில் எடுக்கப்பட்டவர். 1968 மார்ச் முதல் 1969 மார்ச் வரை வியட்நாமில் காலாட்படையில் இருந்தார். 1969 செப்டம்பரில் விடுவிக்கப்பட்டார். இடது கையில் குண்டுச் சிதறல் பாய்ந்த தழும்பு இருக்கிறது. “உன் பெயரை ப்ரான்ஸ் ஸ்டாருக்கு எழுதி அனுப்புகிறேன்” என்று கேப்டன் சொன்னாராம். போர்க்களத்துச் செயலுக்குத் தரும் பதக்கம் அது. ஆனால் டிடி 214 என்ற டிஸ்சார்ஜ் தாளில் இருப்பது இரண்டே இரண்டு பதக்கங்கள்: தேசியப் பாதுகாப்பு சேவைப் பதக்கமும் வியட்நாம் சேவைப் பதக்கமும். “விடுபட்டதையெல்லாம் சேர்க்க எந்தப் படிவம் நிரப்ப வேண்டும்?” என்று கேட்கிறார்.

படிவத்தை அப்புறம் பார்க்கலாம். இந்த விஷயத்தில் வருஷக்கணக்கில் அலைபவர்கள் எல்லாரும் செய்யும் தவறு ஒன்றுதான்: பதக்கத்தைக் கேட்டு எழுதுகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது அவருடைய ராணுவக் கோப்பு. ராணுவத்தின் முன்னால் மாமனாரின் ஞாபகத்துக்கு மதிப்பு குறைவு, தழும்புக்கு இன்னும் குறைவு. 1968-இல் யாரோ ஒரு எழுத்தர் தட்டச்சு செய்த ஒற்றை வரிக்குத்தான் மதிப்பு. அந்த வரி இருக்கிறதா, இருந்தால் எந்தத் தாளில் என்பது தெரிந்த பிறகுதான் எந்தக் கதவைத் தட்டுவது என்று முடிவு செய்ய முடியும்.

டிடி 214 என்பது ராணுவத்தை விட்டு வெளியேறும்போது தரும் சேவைச் சுருக்கம். 1950-லிருந்து எல்லாப் படைகளுக்கும் அதுதான். அந்தக் கால அச்சில் 24-ஆம் கட்டம் விருதுகளுக்கானது. இப்போதைய படிவத்தில் அது 13-ஆம் கட்டம். வியட்நாமிலிருந்து திரும்பி சேவைக்காலம் முடிந்தவர்களைக் கூட்டங்கூட்டமாக விடுவித்த நேரம் அது. எழுத்தர் முன்னால் வரிசை நிற்கும். கையில் இருந்த கோப்பில் கண்ணில் பட்டதைத் தட்டினார். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்த இருபத்தோரு வயதுப் பையனும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். விடுபட்டதற்குப் பின்னால் பெரும்பாலும் சதி எதுவும் கிடையாது, இவ்வளவுதான்.

சரி, கோப்பை எப்படி வாங்குவது? செயின்ட் லூயிஸில் இருக்கும் தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப் 180 என்ற படிவத்தில் எழுத வேண்டும், ஆன்லைனிலும் கேட்கலாம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம் வழக்கத்தில் மருமகன் மகனுக்குச் சமம். அவர்கள் பட்டியலில் மருமகனுக்கு இடமே இல்லை. படைவீரர் உயிரோடு இருந்தால் அவர்தான் கையெழுத்திட வேண்டும். அவர் இல்லையென்றால் மறுமணம் செய்யாத துணை, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் மட்டும் கேட்கலாம். படையிலிருந்து விலகி 62 வருஷம் ஆன கோப்புகள் பொதுமக்கள் யாருக்கும் திறந்துவிடும், ஆனால் 1969-இல் விலகியவருக்கு அந்தக் கணக்கு 2031-இல்தான் வரும். ஆகவே நீங்கள் உட்கார்ந்து நிரப்புங்கள், கையெழுத்தை மாமனாரிடம் வாங்குங்கள்.

நிரப்பும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். தரைப்படை 1969 ஜூலை 1 அன்றுதான் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு மாறியது. அதற்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் தனி சேவை எண் இருந்தது. கட்டாய சேவையில் வந்தவர்களின் எண் ‘யுஎஸ்’ என்று தொடங்கும். 1968-இல் வெளியான ஆணைகள் எல்லாம் அந்தப் பழைய எண்ணில்தான் இருக்கும், அதனால் இரண்டு எண்களையும் எழுதுங்கள். இரண்டாவது, “டிடி 214 நகல் வேண்டும்” என்று எழுதினால் ஒற்றைத் தாள்தான் வரும், அது ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. முழுப் பணியாளர் கோப்பு வேண்டும், மருத்துவப் பதிவுகளும் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள்.

“அதெல்லாம் தீ விபத்தில் போய்விட்டதாமே” என்று யாராவது சொல்வார்கள். தீ விபத்து நடந்தது உண்மை. 1973 ஜூலை 12 நள்ளிரவு தாண்டியதும் அந்த மையத்தின் ஆறாவது மாடியில் பிடித்த தீயை முழுசாக அணைக்க நாலு நாளுக்கு மேல் ஆனது. 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் வரை நாசமாயின. நகலும் இல்லை, அட்டவணையும் இல்லை, எதெல்லாம் போனது என்று சொல்லக்கூட வழியில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரி 1-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களுடையது. அந்தத் தொகுதியில் சுமார் 80 சதவீதம் போயிற்று. விமானப்படையில் 1947 முதல் 1963 முடியும்வரை விலகியவர்களில், அகரவரிசையில் ‘ஹப்பர்ட்’ என்ற பெயருக்குப் பிறகு வருபவர்களின் கோப்புகளில் சுமார் 75 சதவீதம் அழிந்தது. உங்கள் மாமனார் இந்த இரண்டிலும் வரமாட்டார். உங்கள் குடும்பத்தில் கொரியப் போருக்குப் போனவர் யாராவது இருந்தால் அது வேறு கதை: கடைசிச் சம்பளச் சீட்டு, கம்பெனி என்ற சிறு படைப்பிரிவின் தினசரிக் காலை அறிக்கை இவற்றை வைத்துக் கோப்பைத் திரும்பக் கட்டுவார்கள். முடியாத காரியமல்ல, ஆனால் பொறுமை வேண்டும்.

கோப்பு வந்ததும் முதலில் தேட வேண்டியது டிஏ 20 என்ற படிவம். மடித்து வைக்கும் கனமான அட்டை அது. நகலில் பார்த்தால் கட்டங்கள் நெருக்கியடித்து, பாதி தட்டச்சு, பாதி கையெழுத்து, நடுநடுவே அடித்துத் திருத்தியது என்று கண்ணைப் பிடுங்கும். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையன் சேர்ந்த நாள்முதல் விலகும்வரை கூடவே பயணம் செய்த அட்டை அது. நான் உட்கார்ந்து பார்த்த கோப்புகளில் பாதிப் பிரச்சினை இந்த ஓர் அட்டையிலேயே தீர்ந்திருக்கிறது. 38-ஆம் கட்டத்தில் எந்தெந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் இருந்தார், நடத்தை எப்படி, திறமை எப்படி என்று வரிவரியாக இருக்கும். 39-இல் பங்கேற்ற போர்க்கட்டங்கள், 40-இல் காயங்கள், 41-இல் விருதுகள். இந்த 41-ஐயும் டிடி 214-இன் 24-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அட்டையில் இருந்து தாளில் இல்லாதது எழுத்தரின் கைப்பிசகு. அதைத் திருத்த யாரிடமும் வாதாட வேண்டியதில்லை.

அடுத்து, அட்டையிலும் இல்லாத ஆனால் தானாகவே சேர வேண்டியவை. உங்கள் மாமனாருக்கு இங்கேதான் நிறையக் கிடைக்கும். வியட்நாம் போரை ராணுவம் தேதிவாரியாகப் பல போர்க்கட்டங்களாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறது. வியட்நாம் சேவைப் பதக்கத்தின் ரிப்பனில், இருந்த ஒவ்வொரு போர்க்கட்டத்துக்கும் ஒரு வெண்கல நட்சத்திரம் குத்த வேண்டும். அவர் மார்ச் 1968-இல் போய் இறங்கியபோது டெட் (வியட்நாமியப் புத்தாண்டு) எதிர்த்தாக்குதல் என்ற போர்க்கட்டம் நடந்துகொண்டிருந்தது, அது ஏப்ரல் 1 வரை. அதற்குப் பிறகு எதிர்த்தாக்குதலின் நான்காம், ஐந்தாம், ஆறாம் கட்டங்கள். 1969 பிப்ரவரி 23-இல் ‘டெட் 69’ தொடங்கிவிட்டது, அவர் மார்ச்சில்தான் கிளம்பினார். ஆக ஐந்து. ஐந்து வெண்கல நட்சத்திரம் என்றால் அதற்குப் பதில் ஒரே ஒரு வெள்ளி நட்சத்திரம். அவர் தாளில் வெறும் பதக்கத்தின் பெயர் மட்டும் இருந்தால் இந்த வெள்ளி நட்சத்திரத்தைச் சேர்க்கச் சொல்லலாம்.

இடையில் ஓர் எச்சரிக்கை. இந்தக் குட்டி நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டு “அப்பாவுக்கு மூன்று ப்ரான்ஸ் ஸ்டார்” என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. ரிப்பனில் குத்தும் வெண்கல நட்சத்திரமும் ப்ரான்ஸ் ஸ்டார் பதக்கமும் வேறு வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பேர் ஒன்றாகப் போனதால் வந்த குழப்பம். வெள்ளி நட்சத்திரத்துக்கும் சில்வர் ஸ்டார் பதக்கத்துக்கும் இடையிலும் இதே கதைதான். கல்லறைக் கல்வெட்டு வரை போய்விட்டால் சங்கடம்.

அடுத்தது தென்வியட்நாம் அரசு தந்தவை. ஆறு மாதத்துக்கு மேல் அங்கே இருந்தவர்களுக்கு வியட்நாம் குடியரசுப் போர்ப் பதக்கம் உண்டு. இன்னொன்று, பனை ஓலைச் சின்னத்துடன் கூடிய வீரச் சிலுவை. இது தனி ஆளுக்கு அல்லாமல் பிரிவு முழுவதற்கும் தரும் படைப்பிரிவு விருது. இதைப் பற்றி வியட்நாம் போனவர்கள் பலருக்கும் தெரியாது. காரணம் எளிது: அங்கிருந்த அமெரிக்கத் தரைப்படைத் தலைமையகத்துக்கும் அதன் கீழிருந்த எல்லாப் பிரிவுகளுக்கும் அதை வழங்கும் பொது ஆணை எண் 8 வெளியானது 1974-இல். 1969-இல் தட்டச்சு செய்த தாளில் 1974-இன் ஆணை எப்படி ஏறும்? இதுபோகக் கம்பெனி, பட்டாலியன் வாரியாக வந்த படைப்பிரிவு விருதுகளுக்கு 672-3 என்ற தரைப்படைக் கையேட்டில் தேதியோடு பட்டியல் இருக்கிறது. டிஏ 20-இன் 38-ஆம் கட்டத் தேதிகளை அதோடு ஒப்பிட்டால் போதும்.

நன்னடத்தைப் பதக்கம் கொஞ்சம் நடுவாந்தரம். பொதுவாக மூன்று வருஷ சேவைக்கு. ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்து சேவைக்காலம் முடிந்து விலகியவர்களுக்கும் முதல் பதக்கம் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது, இரண்டு வருஷம் இருந்த உங்கள் மாமனார் அதில் அடங்குவார். தானாக வராது, கமாண்டர் ஒப்ப வேண்டும். 38-ஆம் கட்டத்தில் நடத்தையும் திறமையும் முழுக்க ‘எக்ஸலண்ட்’ என்று இருந்து, தண்டனை எதுவும் பதிவாகாமல், “இவருக்குத் தரக்கூடாது” என்ற கமாண்டரின் குறிப்பும் இல்லாவிட்டால், கொடுக்க மறந்துவிட்டார்கள் என்று வாதிடலாம். இப்படிப்பட்ட விண்ணப்பங்கள் ஜெயிக்கின்றன.

காலாட்படைப் போர் பேட்ஜ் அவருக்கு வந்திருக்க வேண்டும். காலாட்படைத் தொழில் எண் (ராணுவத்தில் அவர் செய்த வேலையைக் குறிக்கும் எண்), காலாட்படைப் பிரிவு, அந்தப் பிரிவு தரைச் சண்டையில் இருந்தபோது தானும் அங்கே இருந்தது: இந்த மூன்றும் வேண்டும். பெரும்பாலும் 41-ஆம் கட்டத்தில் இருக்கும். இல்லாவிட்டால் கோப்பில் ஆணையின் நகல் இருக்கும். 2005-இல் வந்த போர்ச்செயல் பேட்ஜைக் கேட்டு எழுத வேண்டாம், அது 2001 செப்டம்பர் 18-க்குப் பிந்தைய சண்டைகளுக்கு மட்டும்.

இப்போது கைத் தழும்பு. எதிரியால் காயம்பட்டவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்துக்கு மூன்றும் நிரூபணமாக வேண்டும்: காயம் எதிரியின் செயலால் வந்தது, மருத்துவ அதிகாரியின் சிகிச்சை தேவைப்பட்டது, சிகிச்சை பதிவாகியிருக்கிறது. பெரும்பாலானவர்கள் விழுவது மூன்றாவதில். களத்திலேயே மெடிக் (கூட வரும் மருத்துவ உதவியாளர்) துணி சுற்றிக் கட்டிவிட்டு, அவரும் அடுத்த நாளே ரோந்துக்குப் போயிருந்தால் காகிதமே பிறந்திருக்காது. எங்கே தேடலாம்? டிஏ 20-இன் 40-ஆம் கட்டம் முதலில். அப்புறம் மருத்துவக் கோப்பு. விலகும்போது எடுத்த உடல் பரிசோதனைத் தாளில் “இடது முன்கையில் தழும்பு, சிதறல், 1968” என்று ஒரு வரி இருந்தாலும் உதவும், ஆனால் அது மட்டும் போதாது. வியட்நாம் காயம்பட்டோர் பட்டியல் என்று ஒன்றைத் தரைப்படை வைத்திருக்கிறது, அதில் பேர் இருந்தால் வேலை பாதி முடிந்தது. பல சமயம் ஆஸ்பத்திரியே பர்ப்பிள் ஹார்ட் ஆணையை வெளியிட்டிருக்கும், கம்பெனிக்கு நகல் போய்ச் சேர்ந்திருக்காது. வியட்நாம் காலத்துப் பொது ஆணைகளின் கணினி அட்டவணை தரைப்படையின் விருதுப் பிரிவிடம் இருக்கிறது. மூலத் தாள்கள் மேரிலாந்து மாநிலம் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், 472-ஆம் தொகுதியில் இருக்கின்றன. எதுவுமே கிடைக்காவிட்டால் கூட இருந்தவர்களின் சத்தியவாக்குமூலம், அப்போது வீட்டுக்கு எழுதிய கடிதம் இவற்றைச் சேர்க்கலாம். ஒற்றை வாக்குமூலத்தை மட்டும் நம்பிப் போனால் தோற்கிற வாய்ப்பே அதிகம்.

மலேரியா, அமெரிக்கப் படை வியட்நாமில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியால் வந்த நோய், மன அதிர்ச்சி இவற்றுக்குப் பர்ப்பிள் ஹார்ட் கிடையாது. நியாயமா என்று கேட்டால் எனக்கும் பதில் இல்லை, விதி அப்படி.

கடைசியில் ப்ரான்ஸ் ஸ்டார். “எழுதி அனுப்புகிறேன்” என்று கேப்டன் சொன்னதற்கும் விருது கிடைத்ததற்கும் நடுவே ஒரு மலை இருக்கிறது. ஆணை வெளியாகியிருந்தால், அதாவது பொது ஆணை எண் ஒன்று கிடைத்தால், விடுபட்ட மற்ற பதக்கங்களைப் போலவே சேர்த்துவிடலாம். ஆணையே வெளியாகவில்லை என்றால் அது பதிவுத் திருத்தம் ஆகாது, புதிய பரிந்துரை. அதற்கு நேரில் பார்த்த மேலதிகாரி பரிந்துரை எழுத வேண்டும், கண்ணால் கண்ட சாட்சிகள் வேண்டும், காலக்கெடு தாண்டிவிட்டதால் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வழியாகப் போக வேண்டும். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10-ஆம் தலைப்பு, 1130-ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. கேப்டன் உயிரோடு இருந்தால் முயலுங்கள். இல்லாவிட்டால் மாமனாரிடம் ஆசை காட்டாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் காலாட்படைப் போர் பேட்ஜ் வாங்கியவர்களுக்கு அதை வைத்தே ப்ரான்ஸ் ஸ்டார் கிடைத்தது. அதைக் கேள்விப்பட்டு வியட்நாம்காரர்களும் கேட்கிறார்கள், அது அவர்களுக்குப் பொருந்தாது.

விண்ணப்பம் என்று வரும்போது, ஆணையோ அட்டைப் பதிவோ இருப்பவற்றை எல்லாம் ஒரே கடிதத்தில், எஸ்எஃப் 180-உடன் செயின்ட் லூயிஸுக்கு அனுப்புங்கள். சரிபார்த்துத் திருத்தினால் டிடி 215 என்ற தாள் வரும். பழைய 214-ஐ மாற்றி அடித்துத் தரமாட்டார்கள், இந்தத் தாள் அதோடு சேர்ந்து வாழும். இரண்டையும் ஒன்றாகவே வையுங்கள், தனியே போனால் 215-க்கு அர்த்தமே இல்லை. “அவருக்கு உரிய எல்லாப் பதக்கங்களும்” என்று மொட்டையாக எழுதாதீர்கள். இந்த விருது, இந்தத் தேதிகள், இந்தக் கம்பெனி, ஆதாரம் இணைப்பு மூன்று, இரண்டாம் பக்கம் என்று எழுதுங்கள். பார்ப்பவருக்குத் தேடும் வேலை வைக்காத கடிதம் சீக்கிரம் நகரும்.

அங்கே முடியாது என்று பதில் வந்த பிறகு டிடி 149. அது தரைப்படையின் ஆவணத் திருத்த வாரியத்துக்குப் போகும் விண்ணப்பம். முதல் வழியை முயலாமல் நேரே அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிழை தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷம்தான் கெடு, ஆனால் நீதியை முன்னிட்டுத் தள்ளுபடி செய்ய வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. படிவத்தில் தாமதத்துக்குக் காரணம் கேட்கும் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். “1969-க்குப் பிறகு அவர் அந்தத் தாளைத் திறந்தே பார்க்கவில்லை; கோப்பு கையில் வந்தபோதுதான் தெரிந்தது” என்பது உண்மையானால் அதையே எழுதுங்கள். வாரியம் 18 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நிராகரித்தால் புதிய ஆதாரத்தோடு மறுபரிசீலனை கேட்கலாம், பழைய ஆதாரத்தையே திரும்ப அனுப்பிப் பயனில்லை.

சில்லறை விஷயங்கள். படைவீரர் நலத்துறை மருத்துவமனையில் இதைத் திருத்த மாட்டார்கள், அங்கே போய் வரிசையில் நிற்காதீர்கள். பர்ப்பிள் ஹார்ட் ஏறிவிட்டால் அந்த மருத்துவமனையில் முன்னுரிமை கூடும், அப்போது 215-ஐக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பணம் வாங்கிக்கொண்டு செய்து தருகிறேன் என்பவர்கள் வேண்டாம். அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களிலும் பெரும்பாலான மாவட்டங்களில் உள்ள படைவீரர் சேவை அலுவலரிடமும் இலவசமாகவே உதவி கிடைக்கும். பதக்கங்களுக்கும் அவருக்குக் கட்டணம் இல்லை. ஒரே விதிவிலக்கு அந்த வியட்நாம் குடியரசுப் போர்ப் பதக்கம். அது வெளிநாட்டு அரசின் பதக்கம் என்பதால் அமெரிக்கத் தரைப்படை அனுப்பாது, கடையில்தான் வாங்க வேண்டும்.

கோப்பு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். இந்த வார இறுதியில் மாமியாரிடம் பழைய கடிதப் பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். மாமனாரைக் கேட்டால் “எல்லாம் தூக்கிப் போட்டாச்சு” என்பார், அவர்தான் அதைத் திறக்க விரும்பாதவர். வியட்நாமிலிருந்து வந்த உறைகளில் அஞ்சல்தலை ஒட்டும் இடத்தில் கையால் ‘ஃப்ரீ’ என்று எழுதியிருக்கும். இடது மேல்மூலையில் அவர் பேர், சேவை எண், கம்பெனி, பட்டாலியன். உள்ளே கடிதத்தைப் படிக்க அனுமதி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. உறைகளை மட்டும், அஞ்சல் முத்திரைத் தேதி தெரியும்படி, ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.